ஒன்பது பேருக்கு ஒரே முகவரி

அந்த யோசனை எனக்கு வந்தது ஒரு புதன்கிழமை, நாலாம் பாடவேளையில், ஆறிப்போன கோப்பியின் முன்னால். கையில் மாணவர் பதிவேடு. முகவரிப் பத்தியில் விரலை வைத்துக் கீழே இறக்கிக்கொண்டே வந்தேன். ஒரே கதவு எண், ஒரே சந்து, ஈப்போ நகரத்துப் புந்தோங். மறுபடி அதே எண். மறுபடியும். எண்ணினேன்: ஒன்பது முறை. ஒன்பதும் பெண்பிள்ளைகள், ஒன்பது பேருக்கும் வேறு வேறு அப்பாக்கள்.

எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இத்தனை வருஷம் இத்தனை பேர் இருந்தும் யார் கண்ணிலும் படாத ஒன்று என் கண்ணில் பட்டுவிட்டது என்ற சந்தோஷம். கோப்பியை அப்படியே வைத்துவிட்டுச் சிவப்புப் பேனாவைத் தேடினேன்.

நம் ஆசிரியர் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூவருக்காக இதை எழுதுகிறேன். பணி அனுபவம் எழுத ஒருவர் ஓய்வு பெற்றிருக்க வேண்டும், தலையாவது நரைத்திருக்க வேண்டும் என்பார்கள். எனக்கு வயது இருபத்தொன்பது. ஆனால் பாரிட் புந்தாருக்கு இடமாற்றக் கடிதம் வந்துவிட்டது. அடுத்த மாதம் உங்களில் ஒருவர் என் நாற்காலியில் உட்காருவார். அந்த நாற்காலியோடு மாணவர் எண்ணிக்கைப் படிவமும் சேர்ந்தே வரும். அதை எப்படி நிரப்புவது என்று அலுவலகத்தில் சொல்லித் தருவார்கள். அதை நிரப்பியே நான் என் வேலைக்கு எப்படி உலை வைத்தேன் என்பதையும் அவர்களே சொல்லித் தருவார்கள், கூடுதலாகச் சிரித்துக்கொண்டு. அதனால் நானே முந்திக்கொள்கிறேன்.

எண்பத்தொன்றில் நான் இங்கே வந்தபோது இது இன்னும் சிறிய பள்ளி. ஈப்போ நகரத்துக்குள்ளே இருந்தும் ஈப்போக்காரர்கள் பலருக்கே தெரியாத பள்ளி. பிள்ளைகள் குறைவு; ஆசிரியர்கள் அதைவிடக் குறைவு; இருந்த ஆசிரியர்களும் தேவையானவர்கள் இல்லை. பட்டறையே இல்லாத எங்களுக்குத் தச்சு வேலை சொல்லித்தரப் பயிற்சி பெற்ற ஒருவரை அனுப்பியிருந்தார்கள். அவர் புவியியல் நடத்தினார். புவியியல் படித்துவிட்டு வந்தவர் அறிவியல் நடத்தினார். சமையல் பாடத்துக்கு அழகான அறை இருந்தது, அடுப்புகள்கூட வரிசையாக இருந்தன, ஆசிரியை மட்டும் இல்லை. நான் கணக்குக்கும் தமிழுக்கும் வந்தவன். எப்படியோ இரண்டையும் எனக்கே கொடுத்துவிட்டார்கள். அதிகாரிகளின் கவனக்குறைவு என்றுதான் நினைக்கிறேன்.

தமிழ் வகுப்பு பற்றி ஒரு வார்த்தை. பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால்தான் அரசாங்கப் பள்ளியில் தமிழ் வகுப்பு உண்டு. எங்களிடம் இருபது பேர் இருந்தார்கள். பதினைந்துக்குக் கீழே போனால் வகுப்பு இல்லை. வகுப்பு இல்லையென்றால் அதற்கு ஆசிரியரும் தேவையில்லை. இந்த விதி எனக்கு மனப்பாடம். அந்தப் புதன்கிழமை சிவப்புப் பேனாவை எடுக்கும்போதும் மனப்பாடமாகத்தான் இருந்தது.

பயிற்சிக் கல்லூரியிலிருந்து நேராக வந்தவன் நான். எந்தப் பகுதியிலிருந்து எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள், தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபின் எத்தனை குடும்பம் நகரத்துக்குள் வந்திருக்கிறது, மூன்று வருஷம் கழித்து இந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் வேண்டியிருக்கும் என்று எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் காட்டிவிடலாம் என்று நம்பினேன். அதைப் பார்த்ததும் மேலதிகாரிகள் எழுந்து நின்று ஆசிரியர்களை அனுப்பிவைப்பார்கள் என்றும் நம்பினேன். அதற்கு முகவரிகள் சரியாக இருக்க வேண்டும். ஒன்பது பேருக்கு ஒரே முகவரி சரியாக இருக்க முடியுமா?

அவர்களுடைய தமிழ்ப்பள்ளிச் சான்றிதழ்களை எடுத்துப் பார்த்தேன். ஒன்பது அப்பாக்களும் பீடோர் பக்கத்தில் ஒரே ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவுகிறவர்கள். ஆக, நகரத்துப் பள்ளி என்றால் நல்ல பள்ளி என்று ஈப்போவில் சேர்ப்பதற்காக யாரோ ஒருவர் வீட்டு எண்ணை எல்லோரும் கடன் வாங்கியிருக்கிறார்கள்! புந்தோங் முகவரியை ஒன்பது இடத்திலும் அடித்தேன். மேலே சிவப்பு மையில் தோட்டத்தின் பெயரை எழுதினேன்.

பதிவேட்டைத் திருப்பிக் கொடுத்தபோது பதிவேடுகளை எழுதும் பள்ளிக் கிராணி லியோங் அதைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய அப்பா லகாட் பக்கத்துத் தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்தவர். அதனால் லியோங்குக்குத் தமிழ் என்னைவிட வேகமாக வரும்.

"தம்பி, என்ன லா இது? சீனப் பெருநாளு மாதிரி சிவப்பு சிவப்பா?"

"ஒம்பது பேருக்கு ஒரே வீடுண்ணே! நீங்க கவனிக்கலையா?"

"கவனிக்காம? நாலு வருஷமா நான்தானே எழுதுறேன்."

"தெரிஞ்சேவா எழுதினீங்க?"

"அவங்க எல்லாம்…" என்று அவர் ஆரம்பித்தார். பாடவேளை மணி அடித்தது. நான் ஓடிவிட்டேன். நேரத்துக்கு வகுப்புக்குப் போகிறவன் என்று எனக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது.

அவர் அந்த வாக்கியத்தை முடிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அரை நிமிஷம். உங்களுக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி இந்த அரை நிமிஷம்தான். கிராணி வாயைத் திறந்தால் மணி அடித்தாலும் நில்லுங்கள்.

அட்டவணை மேலிடத்துக்குப் போனது. வண்ணம் தீட்டியிருந்தேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. அதுவரை எங்கள் பள்ளி எழுதிய எந்தக் கடிதத்துக்கும் அவ்வளவு சீக்கிரம் பதில் வந்ததில்லை. தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். அமைதியான மலாய்க்காரர், கோபம் வந்தால் பாராட்டுவார்.

"அருமையான வேலை. இதுவரை நாம் அனுப்பியதை அவர்கள் படித்ததே இல்லை. உங்களுடையதைப் படித்ததோடு நம்பியும்விட்டார்கள்."

கடிதத்தை என் பக்கம் திருப்பினார். வட்டாரத்துக்கு வெளியே குடியிருக்கும் ஒன்பது மாணவிகளும் அடுத்த மாதம் முதல் தோட்டத்துக்கு அருகிலுள்ள பள்ளிக்கு மாற வேண்டும். மீதமுள்ளவர்கள் பதினொருவர் என்பதால் தமிழ் வகுப்பு நிறுத்தப்படும். அதனால் பள்ளியில் ஓர் ஆசிரியர் மிகை. அவருக்கு வேறிடம் பார்க்கப்படும். இரண்டு வாரத்தில் ஓர் அதிகாரி நேரில் வந்து சரிபார்ப்பார். பெற்றோர்களுக்குத் தோட்ட அலுவலகம் வழியாகத் தகவல் போய்விட்டது.

அந்த மிகை ஆசிரியர் யார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இருவரும் கூரையில் சுற்றிய காற்றாடியைப் பார்த்தோம்.

அன்றுதான் முதல் தடவையாக ஒன்பது பேரையும் கூப்பிட்டுப் பேசினேன். மூத்தவள் மூன்றாம் படிவ வகுப்பு லெட்சுமி. என் கணக்குப் பாடத்தில் முதல் மூன்று பேருக்குள் வருகிறவள், அந்த வருஷம் அரசாங்கப் பரீட்சை எழுத வேண்டியவள். அவள்தான் பதில் சொன்னாள்.

"நாங்க புந்தோங்குலதான் சார் இருக்கோம். ரோசம்மாக்கா வீட்டுல. வெள்ளிக்கிழமை பின்னேரம் தோட்டத்துக்குப் போவோம், திங்கக்கிழமை விடிகாலை பஸ்ஸுல வந்துருவோம்."

"தோட்டத்துக்கிட்ட பள்ளிக்கூடம் இருக்கே?"

"இருக்கு சார். அங்க எங்களுக்குப் பின்னேர வகுப்பு. முடிஞ்சு பஸ்ஸு பெரிய ரோட்டுல விட்டுரும். அங்கேருந்து உள்ளுக்கு நாலு மைல் கட்டை நடக்கணும், ரப்பர் காட்டு வழியா. இருட்டிரும். அப்பாங்க விட மாட்டாங்க. அங்க போறதுன்னா பள்ளிக்கூடத்தவிட்டு நிக்கிறதுதான்."

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கலையே சார்."

திமிராகச் சொல்லவில்லை. கணக்கில் ஒரு படி விட்டுப்போயிற்று என்று காட்டுவாளே, அதே குரலில் சொன்னாள்.

ஆக, பதிவேட்டிலிருந்தது உண்மை. என் சிவப்பு மைதான் பொய். தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து நிற்கவில்லை. "பிள்ளை யார் வீட்டில் இருக்கிறாளோ அந்த வீட்டில் குடியிருப்பவரின் கையெழுத்து வேண்டும். ஒவ்வொருத்திக்கும் ஒரு படிவம். கொண்டுவாருங்கள்" என்றார்.

ஒன்பது படிவங்களோடு என் கப்சாய் மோட்டார் சைக்கிளில் புந்தோங் போனேன். பலகை வீடு. வாசலில் ஒன்பது ஜோடி வெள்ளைச் சப்பாத்துகள் காய்ந்துகொண்டிருந்தன. உள்ளே ஆணிகளில் ஒன்பது பைகள். சுவரில் மாதா படம். அதற்குப் பக்கத்திலேயே பிள்ளைகள் மாட்டிய முருகன் காலண்டர். ரோசம்மா அக்கா முன்பு அதே தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர். இப்போது நகரத்து ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவு. அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். நான் யாரென்று சொல்லத் தேவைப்படவில்லை.

"வாங்க, கிராணி சார்! பெரட்டு எடுக்க வந்தீங்களா? அந்தா நிக்கிறாளுங்க. ஒன்னு, ரெண்டுன்னு எண்ணிக்கிங்க."

பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் ஆட்களை நிற்கவைத்துப் பெயர் கூப்பிடுவது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"நான் கிராணி இல்லக்கா. வாத்தியாரு."

"வாத்தியாருன்னா புள்ளைங்க மூஞ்சிய பார்ப்பாரு. பேப்பர பார்க்கிறவரு கிராணிதான். உக்காருங்க, தண்ணி கலக்கறேன்."

மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு மறுபடி திட்டினார். படிவத்தை நீட்டினேன். வாங்கவில்லை.

"இதுல நான் ஒம்பது கையெழுத்துப் போட்டா வீட்டுக்காரரு காதுக்குப் போவும். அஞ்சு பேருக்கு மேல கூடாதுன்னுதான் அவரு வாடகைக்கே குடுத்தாரு. நாளைக்கே பாயச் சுருட்டுன்னுவாரு. அப்பறம் இதுங்களும் ரோட்டுல, நானும் ரோட்டுல."

இதுவும் நான் கேட்காத விஷயம். மைலோவைக் கீழே வைத்தேன். ஆனால் என் மூளைதான் சும்மா இருக்காதே. உடனே ஒரு வழி தோன்றியது.

"அக்கா, இந்தச் சந்துல நாலு வீட்டுல ஆளுக்கொரு கையெழுத்து வாங்கிருவோம். ரெண்டு பேரு அங்க, ரெண்டு பேரு இங்கன்னு எழுதிக்கலாம். புள்ளைங்க இங்கயே இருக்கட்டும். பேப்பர்ல மட்டும்தான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பேப்பர்ல மட்டும்னு ஒன்னு கெடையாது சார். அதான் இப்பப் பார்த்துட்டோமே."

நீட்டிய படிவங்களை மடியில் வைத்துக்கொண்டேன்.

"எழுதறதுன்னா புள்ளைங்களும் அங்க போய்ப் படுக்கட்டும். அப்ப யாரு வந்து கேட்டாலும் பயம் இல்ல." வாசலுக்குப் போய்ச் சந்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏய், எல்லாரும் இங்க வாங்கடி! நம்ம புள்ளைங்களப் பங்கு போடறேன்!"

அதற்குப்பின் நடந்ததில் என் பங்கு படிவத்தை நீட்டியது மட்டும். லாரி ஓட்டுநரின் மனைவி, "ரெண்டு பேரா? மூனா குடுக்கா. என் மவளுக்குக் கணக்கு சொல்லிக் குடுக்க ஆளு இல்ல. அந்த லெட்சுமிய நான் எடுத்துக்கறேன்" என்றார். தையல் வேலை செய்யும் அக்கா, "குறட்டை விடறவ வேணாம், மத்தபடி யாரா இருந்தாலும் சரி" என்றார். அப்படிக் குறட்டை விடுகிறவள் யார் என்று பிள்ளைகளுக்குள் ஒரு சிறு வழக்கு நடந்தது. சாயங்காலத்துக்குள் ஆறு பைகள் ஆணியிலிருந்து இறங்கி மூன்று வீடுகளுக்குப் போயின. மூன்று பைகள் ரோசம்மா அக்காவிடம். சாப்பாடு மட்டும் எல்லோருக்கும் பழையபடி அவர் கையால். அதை விட்டுக்கொடுக்க மாட்டார்.

அது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை ஒன்பது பேரும் தோட்டத்துக்குப் போனார்கள். திங்கட்கிழமை எட்டுப் பேர் வந்தார்கள்.

அன்று மதியமே பீடோருக்கு மோட்டாரை ஓட்டினேன். லெட்சுமியின் அப்பா வீட்டு வாசலில் பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். மரியாதையாக எழுந்து, நாற்காலி கொண்டுவரச் சொன்னார். தோட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்ததாம். சர்க்கார் கடிதம். ஈப்போவில் பிள்ளை திருட்டு முகவரியில் படித்தது என்று தோட்டத்துக் கிராணி படித்துக் காட்டினாராம். மற்ற அப்பாக்கள் பொறுத்துப் பார்ப்போம் என்றார்கள். இவர் மானஸ்தர்.

"தப்பு என்னோடதுங்க. நாந்தான் மாத்தி எழுதிட்டேன். சரி பண்ணியாச்சு. லெட்சுமிய நாளைக்கு அனுப்பிருங்க."

"பேரு எழுதியாச்சு சார். நாத்துமேடையில, களை எடுக்க. இன்னிக்குக் காலையில பெரட்டுல கூப்ட்டாங்க."

"எடுத்துடச் சொல்லுங்க…"

"அங்க ஒருத்தரு எழுதறாரு, இங்க ஒருத்தரு எழுதறாரு. நீங்கள்லாம் எழுதறீங்க, அடிக்கிறீங்க, மறுபடி எழுதறீங்க. நாங்க எதைன்னு சார் நம்பறது?"

லெட்சுமி நாற்றுமேடையிலிருந்து இன்னும் திரும்பியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பிறகு பாடவேளை மணி கேட்டவன்போல் கிளம்பிவிட்டேன். அரை நிமிஷத்தைப் பற்றி மேலே புத்திமதி சொன்னவன் நான்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அடுத்த வாரம் அதிகாரி வந்தார். எட்டுப் படிவங்களையும் பார்த்தார். ஒருத்தியை நேரில் கேட்க வேண்டும் என்றார். இருப்பதிலேயே சின்னவளைக் காட்டினார். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து, மலாய் பழகுவதற்காகப் புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் உட்கார்ந்திருக்கிறவள். மலாய் இன்னும் வாயில் திரளவில்லை. "நீங்களே மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்" என்று என்னைப் பார்த்தார்.

எங்கே தங்குகிறாய் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"லாரி அண்ணே வீட்டுல படுப்பேன் சார். ஆனா சாப்பிடறது ரோசம்மாக்கா வீட்டுல. படிக்கிறது தையக்காரக்கா வீட்டுல, அங்கதான் லைட்டு நல்லாருக்கு. சண்டை வந்தா மறுபடி ரோசம்மாக்கா வீட்டுக்கே போயிருவேன்."

அதிகாரி பேனாவோடு காத்திருந்தார். தலைமையாசிரியர் காற்றாடியைப் பார்த்தார். முதல் வாக்கியத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் ஒரு தடவை அந்தப் பிள்ளைகளுக்காக நானே முடிவுசெய்து எழுதியதன் பலனைப் பார்த்துவிட்டேன். அவள் சொன்னதை முழுவதும், சண்டை உட்பட, அப்படியே மலாயில் சொன்னேன்.

அவர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாப்பாட்டுக்கு இதில் கட்டம் இல்லையே" என்றார். "சண்டைக்கும் இல்லை. படுக்கும் வீட்டை எழுதிக்கொள்கிறேன்."

எழுதினார். தமிழ் வகுப்பு பத்தொன்பது பேரோடு பிழைத்தது. நான் மிகை ஆசிரியர் என்ற பதவியிலிருந்து இறங்கினேன்.

இப்படிப் பிழைத்ததில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆனால் அந்த வருஷ இறுதியில் தலைமையாசிரியர் என்னைப் பற்றிய அறிக்கையில் "புள்ளிவிவரத்தில் அனுபவம் மிக்கவர்" என்று எழுதி, படிவத்தை நிரந்தரமாக என்னிடமே கொடுத்துவிட்டார். மறு வருஷம் அந்தச் சந்தில் புதிதாகப் பிள்ளை வைத்துக்கொள்ளப் பழகிய மூன்று வீடுகளும் சும்மா இருக்கவில்லை. தோட்டத்தில் இருக்கும் தங்கள் அண்ணன் மகள், நாத்தனார் மகள் என்று ஆளுக்கு இரண்டு பேரை அழைத்துவந்தார்கள். அதற்கடுத்த வருஷம் இன்னும் இரண்டு வீடு. என் வண்ண அட்டவணை எதிலும் இந்த வளர்ச்சி இல்லை. எண்ணிக்கை கூடியதால் எங்களுக்கு ஓர் ஆசிரியர் கூடுதலாகக் கிடைத்தார். சமையல் அறையைத் திறந்து துடைத்துவைத்துக் காத்திருந்தோம். வந்தவர் தச்சு வேலைக்காரர். இரண்டாமவர். அவர் இப்போது சரித்திரம் நடத்துகிறார், நன்றாகவே நடத்துகிறார்.

கிராணி லியோங் அந்தச் சிவப்புப் பக்கத்தை இன்னும் கிழிக்கவில்லை. உங்களுக்குக் காட்டுவார். அவர் அந்த வாக்கியத்தை என்றைக்காவது முடித்தாரா என்று ஒருநாள் கேட்டேன். "நீ போன பிறகு முடிச்சேன் லா. நாற்காலி கேட்டுச்சு" என்றார்.

எண்ணிக்கையில் எட்டு என்று நான் எழுதிய இடத்தில் உங்களுக்கு எட்டுதான் தெரியும். எனக்கு ஒன்பது தெரியும். படிவத்தில் அதற்கும் கட்டம் இல்லை. இதைச் சொல்வதற்காகத்தான் இத்தனையும் எழுதினேனோ என்னவோ.

போன வாரம் முதல் படிவ வகுப்புப் பெண் ஒருத்தி என் மேசைக்கு முன் வந்து நின்றாள். லெட்சுமியின் தங்கை. லாரி ஓட்டுநர் வீட்டில் அக்காவுக்காக விரித்த பாயில் இப்போது இவள்தான் படுக்கிறாள்.

"சார், அக்கா கேக்கச் சொன்னாங்க. பள்ளிக்கூடம் போகாம வெளிய இருந்தே அந்த மூனாம் படிவப் பரீட்சைய எழுதலாமாம். நெசமா?"

"எழுதலாமே! நானே பேரக் குடுத்து…" என்று ஆரம்பித்தேன். கை தானாகப் பேனாவைத் தேடியது. அப்புறம் வாயை மூடிக்கொண்டு, "அக்காவுக்கு எந்த நாள் சௌகரியம்?" என்று கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமையாம். களையெடுப்பு இல்லாத நாள்.

பாரிட் புந்தாருக்குப் போவதற்கு முன் எனக்கு இரண்டு ஞாயிறு மிச்சம் இருக்கிறது. இந்த ஞாயிறு பீடோருக்குப் போகிறேன். விண்ணப்பத்தை வாங்கி வைத்துவிட்டேன். ஓர் எழுத்துகூட எழுதவில்லை. அவள் வரும்வரை அந்த வாசலில் உட்கார்ந்திருப்பேன். பெயர், பாடம், முகவரி எல்லாவற்றையும் அவளே எழுதட்டும். பேனா மட்டும் நான் கொண்டுபோகிறேன். நீல மை.